ஒரு கைப் பிஸ்டல் போட்டிக்கு எந்தத் தோட்டா?

சேலத்தில் பிஸ்டல் பழக வரும் பிள்ளைகளின் பெற்றோர், துப்பாக்கி வாங்கிய மறுவாரமே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், எந்தப் பெலட் வாங்கிக் கொடுத்தா பையன் பத்துலயே அடிப்பான்?" கேள்வியில் தவறில்லை. கடைக்காரரும் இணையத்தில் எழுதுகிறவர்களும் தருகிற பதில்தான் பெரும்பாலும் தவறாக அமைகிறது. அவர்கள் ரைஃபிள்காரர்களின் அளவுகோலைக் கொண்டுவந்து பிஸ்டல்மேல் வைக்கிறார்கள். தோள்பட்டையில் பதித்து, வாரால் கட்டி, விறைப்பான ஜாக்கெட் அணிந்து சுடும் ரைஃபிளில் தோட்டாவின் சிறு பிழையும் இலக்கு அட்டையில் தெரியும். ஒரே கையை நீட்டி, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுடும் பிஸ்டலில் அந்தப் பிழை கையின் அசைவுக்குள் மறைந்துவிடுகிறது. அதனால் இங்கே தோட்டாவிடம் எதிர்பார்க்க வேண்டியவற்றின் வரிசையே வேறு. தவறாமல் வெடிக்க வேண்டும், தடையில்லாமல் ஏற வேண்டும், கைக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்; துல்லியம் அதற்குப் பிறகுதான்.

எந்தப் போட்டி என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 4.5 மி.மீ. ஈயப் பெலட், அதாவது காற்றழுத்தத்தால் பாயும் சிறு குண்டு, பயன்படுகிறது. பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல், ஆண்களுக்கான 25 மீட்டர் ரேபிட் ஃபயர், ஸ்டாண்டர்டு பிஸ்டல், 50 மீட்டர் பிஸ்டல் ஆகிய அனைத்துக்கும் .22 அங்குல விட்டமுள்ள 'லாங் ரைஃபிள்' என்ற வகைத் தோட்டாதான். சென்டர் ஃபயர் போட்டிக்கு 7.62 முதல் 9.65 மி.மீ. வரையிலான விட்டம் அனுமதிக்கப்படுகிறது, அதில் பெரும்பாலோர் .32 வாட்கட்டர் என்ற தட்டைமுனைத் தோட்டாவையே நாடுகிறார்கள். குண்டு ஈயத்தாலோ அதைப் போன்ற மென்மையான பொருளாலோ ஆனதாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. செம்பு உறை போட்ட குண்டுக்கு இடமில்லை. ரேபிட் ஃபயரில் 2004 வரை .22 ஷார்ட் என்ற சிறிய தோட்டாவைப் பயன்படுத்தினார்கள். 2005இல் விதி மாறியபோது அந்த மெல்லிய பின்னுதைப்பின் சலுகை போய்விட்டது. நான்கு நொடியில் ஐந்து இலக்குகளைச் சுடுகிறவரும் இன்று லாங் ரைஃபிளின் உதைப்பைத் தாங்கியே சுட வேண்டும். தோட்டாவைப் பற்றிய இன்றைய கவலைகளில் பாதி அந்த மாற்றத்தோடு வந்தவை.

கையின் பங்கு எவ்வளவு, தோட்டாவின் பங்கு எவ்வளவு

இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது. 25 மீட்டர் துல்லியச் சுற்றுக்கான அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மி.மீ.; ஒன்பது 100, எட்டு 150. ஓரளவு பழகிய ஒருவர் தன் குண்டுகளை எல்லாம் எட்டாம் வளையத்துக்குள் வைக்கிறார் என்று கொள்வோம். அவருடைய கையின் சிதறல் மட்டும் 150 மி.மீ. வைஸ் என்ற இடுக்கியில் பிஸ்டலை இறுக்கிப் பிடித்துச் சுட்டால் 30 மி.மீ. குரூப்பிங் (குண்டுகள் விழுந்த இடங்களின் பரவல்) தரும் சாதாரணத் தோட்டாவை அவர் பயன்படுத்துகிறார். ஒன்றையொன்று சாராத இரண்டு சிதறல்கள் சேரும்போது அவை நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் மொத்தச் சிதறல் 153 மி.மீ. இப்போது அவர் பல மடங்கு விலை கொடுத்து, 15 மி.மீ. குரூப்பிங் தரும் மேட்ச், அதாவது போட்டித்தர, தோட்டாவை வாங்குகிறார். மொத்தச் சிதறல் 151 மி.மீ.க்கு இறங்குகிறது. தோட்டாவின் சிதறலைப் பாதியாக்கியதற்குக் கிடைத்த பலன் இரண்டு மில்லிமீட்டர்.

கையின் சிதறலை 60 மி.மீ.க்குள் கொண்டுவந்துவிட்ட ஒருவருக்கு இதே கணக்கு வேறு பதில் தரும். அவருக்குச் சாதாரணத் தோட்டாவில் மொத்தச் சிதறல் 67, மேட்ச் தோட்டாவில் 62. ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது அறுபது குண்டுகள் கொண்ட போட்டியில் ஓரிரு புள்ளிகளாகத் தெரியக்கூடும். விலையுயர்ந்த தோட்டா பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. கை அந்த இடத்தை எட்டும்வரை அந்தப் பணத்தைக் கூடுதல் பயிற்சிக் குண்டுகளில் போடுவதே மேல் என்பதுதான் வாதம்.

வேக வேறுபாட்டையும் இப்படியே எடைபோடலாம். பிஸ்டலின் குட்டைக் குழலிலிருந்து .22 குண்டு நொடிக்குச் சுமார் 280 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்றால், 25 மீட்டரைக் கடக்கும் நேரத்தில் அது ஏறத்தாழ 39 மி.மீ. தாழும். அடுத்த குண்டு 270 மீட்டர் வேகத்தில் போனால் 42 மி.மீ. தாழும். இடைவெளி மூன்று மில்லிமீட்டர். பத்தாம் வளையமோ ஐம்பது மில்லிமீட்டர் அகலம். ஆனால் 50 மீட்டரில் இதே பத்து மீட்டர் வேக வேறுபாடு 12 மி.மீ. இடைவெளியாக விரிகிறது, அட்டையோ அதே அட்டை. அதனால் 50 மீட்டர் பிஸ்டல்காரர்கள் எலி (Eley) நிறுவனத்தின் டெனெக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50 போன்ற மேட்ச் தோட்டாக்களைத் தேடிப் போவதில் நியாயம் இருக்கிறது. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜிது ராய் தங்கம் வென்றது அந்தப் போட்டியில்தான். 2016 ரியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. இன்று புதிதாக வருகிறவர்களில் பலர் அந்தப் போட்டியைத் தொடுவதே இல்லை. ஆனால் அதற்கான தோட்டா அறிவுரை மட்டும் இன்னும் 25 மீட்டர்காரர்களுக்கு வழங்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

வெடிக்காத தோட்டா

.22 தோட்டாவின் அமைப்பே அதன் பலவீனத்தைச் சொல்லும். சென்டர் ஃபயர் எனப்படும் பெரிய தோட்டாக்களில், வெடிமருந்துக்குத் தீ மூட்டும் ப்ரைமர் அடிப்பகுதியின் நடுவில் தனிக் கிண்ணமாகப் பொருத்தப்பட்டிருக்கும். .22இல் அப்படித் தனிக் கிண்ணம் இல்லை. ஈரமான ப்ரைமர் கலவையைக் கூட்டுக்குள் இட்டுச் சுழற்றி, அடிவிளிம்பின் உட்குழிவுக்குள் பரவச் செய்கிறார்கள். விளிம்பின் ஏதேனும் ஓரிடத்தில் கலவை பரவாமல் விட்டுப்போனால், ஊசி அந்த இடத்தில் அடிக்கும்போது தோட்டா வெடிக்காது. அதே தோட்டாவை எடுத்துச் சற்றுத் திருப்பிப் போட்டு அடித்தால் வெடித்துவிடுவதும் இதனால்தான். மலிவான தோட்டாவுக்கும் நல்ல தோட்டாவுக்கும் இடையே பிஸ்டல்காரர் கவனிக்க வேண்டிய முதல் வேறுபாடு இந்தக் கலவை எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்பதுதான், குரூப்பிங் அல்ல.

ஏனெனில் இழப்பு எங்கே நேர்கிறது என்று பாருங்கள். 25 மீட்டர் பிஸ்டலின் வேகச் சுற்றில் இலக்கு மூன்று நொடி தெரியும், ஏழு நொடி மறையும். ஒவ்வொரு முறையும் கையை 45 பாகையில் தாழ்த்தி வைத்திருந்து, உயர்த்தி, ஒரு குண்டு. அந்தத் தாளத்தில் மூன்றாவது குண்டு 'டிக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டால், கையை உயர்த்திப் பிடித்து நடுவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து பார்த்து, பழுது தோட்டாவினுடையதுதான் என்று ஏற்றால் விதிப்படி மறுவாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு கட்டத்தில் எத்தனை முறை அப்படிக் கேட்கலாம் என்பதற்கு வரம்பும் உண்டு. மறுவாய்ப்புக் கிடைத்தாலும் கலைந்த மனம் உடனே திரும்பாது. ஒரு முழு நாள் சுட்டும் இரண்டு மில்லிமீட்டரைக் காட்டாத தோட்டா, ஒரே ஒரு மிஸ்ஃபயரில் ஐந்து புள்ளிகளைப் பறித்துவிடும்.

மிஸ்ஃபயர் ஆனதும் பிஸ்டலை இலக்கின் பக்கமே நீட்டி வைத்துச் சற்றுப் பொறுக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. அதன்பின் வெளியே எடுத்த தோட்டாவின் விளிம்பைப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஊசி பதிந்த தடம் செவ்வக வடிவில், விளிம்பின் ஓரம் வரை ஆழமாக இருந்தால் துப்பாக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, குறை தோட்டாவில்தான். தடம் ஆழமில்லாமல் நகக்கீறல்போல் இருந்தால் தோட்டாவைப் பழிப்பதில் பயனில்லை. சுத்தியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது தோட்டா முழுவதும் உள்ளே இறங்காததால் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகியிருக்கலாம். சுட்ட கூட்டின் வெளிப்புறத்தில் ஒரு பக்கம் மட்டும் கரி நீளமாகப் படிந்திருந்தால், அழுத்தம் போதாமல் கூடு குழலின் சுவரோடு நன்றாக ஒட்டவில்லை என்று பொருள். பயிற்சி முடிந்ததும் தரையில் கிடக்கும் கூடுகளைப் பெருக்கித் தள்ளிவிடாமல் பத்தை எடுத்துப் பார்க்கிற வழக்கம் நம் ரேஞ்சுகளில் அரிது.

வைஸ் சொல்வதும் கை சொல்வதும்

தோட்டாவைச் சோதிக்க வைஸில் பிஸ்டலைப் பிடித்துச் சுடுவது நல்ல முறை. ஆனால் அது பாதி உண்மையைத்தான் காட்டும். வைஸ் பிஸ்டலின் உடலை இம்மியும் நகரவிடாது. எனவே வெடிப்பின் விசை முழுவதும் ஸ்லைடை, அதாவது பிஸ்டலில் முன்பின் நகரும் பாகத்தை, பின்னுக்குத் தள்ளுவதிலேயே செலவாகிறது. ஸ்லைடு கடைசிவரை போய், காலிக் கூட்டைத் தூக்கி எறிந்து, அடுத்த தோட்டாவைக் கவ்விக்கொண்டு திரும்புகிறது. ஒரு கையில் பிடிக்கும்போது மணிக்கட்டும் தோளும் சேர்ந்து பின்னால் போகின்றன. விசையின் ஒரு பங்கு அங்கே கரைகிறது. மணிக்கட்டை உறுதியாகப் பூட்டாத பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் ஸ்லைடு பாதியிலேயே திரும்பிவிட, கூடு வாயில் சிக்கி நிற்கும். வைஸில் ஒரு முறையும் சிக்காத அதே தோட்டா, அதே பிஸ்டல்.

துல்லியத்தை வைஸில் பாருங்கள். ஓட்டத்தை, அதாவது சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்பதை, கையில், அதிலும் போட்டிக்குச் சுடப்போகிறவரின் கையில் பாருங்கள். சோதனையையும் ஐந்து ஐந்தாக, மேகசின் நிரப்பி, போட்டியின் வேகத்திலேயே செய்ய வேண்டும். ஒரு பெட்டியில் ஐம்பது தோட்டா இருக்கும். ஒரு பெட்டியை வைத்து ஓட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. நூற்றுக்கு ஒன்று சிக்கும் தோட்டா, ஒரு பெட்டி முழுதும் சிக்காமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. அறுபது குண்டுப் போட்டியில் அது வந்து நிற்பதற்கும் ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு உண்டு.

இங்கேதான் பின்னுதைப்பைப் பற்றிய ஆசை குறுக்கே வருகிறது. பிஸ்டலுக்கென்றே சில நிறுவனங்கள் வேகத்தைச் சற்றுக் குறைத்துத் தயாரிக்கும் .22 தோட்டாக்கள் உண்டு. உதைப்பு மெல்லியதாக இருந்தால் குழல்முனை குறைவாக எழும்பும்; அடுத்த இலக்குக்குப் பார்வை விரைவாகத் திரும்பும். ரேபிட் ஃபயரில் எட்டு நொடி, ஆறு நொடி, நான்கு நொடி என்று சுருங்கும் சுற்றுகளில் இது உண்மையான லாபம். ஆனால் அந்த மெல்லிய விசையை நம்பித்தான் ஸ்லைடும் ஓட வேண்டும். பிஸ்டலின் ஸ்பிரிங் கனமானதாக இருந்தாலோ, குழலில் மெழுகும் கரியும் சேர்ந்திருந்தாலோ, இந்தத் தோட்டாதான் முதலில் காலை வாரும். மெல்லிய தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவர் சுத்தம் செய்வதையும் கூடவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கம் போய், வேகம் அதிகமான ஹை வெலாசிட்டி தோட்டாவைப் போட்டால் ஸ்லைடு நன்றாக ஓடும் என்று நினைப்பவர்களும் உண்டு. போட்டிப் பிஸ்டல்கள் பொதுவாக ஸ்டாண்டர்டு வேகத் தோட்டாவுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. அதைவிட வேகமானவை ஸ்லைடைப் பின்சுவரில் மோதவிட்டு, பாகங்களின் ஆயுளைக் குறைக்கும்; உதைப்பும் கூடும். வேட்டைக்கும் தகர டப்பா சுடவும் தயாரானவை அவை. போட்டிக் களத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

சென்டர் ஃபயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. .32 வாட்கட்டரின் குண்டு 98 கிரெய்ன், அதாவது ஆறு கிராமுக்குச் சற்று மேல்; .22இன் 40 கிரெய்னை விட இரண்டரை மடங்கு கனம். வேகம் குறைவாக இருந்தும் கையில் உணரும் உதைப்பு .22இன் இரு மடங்கை நெருங்கும். தட்டையான முனை அட்டையில் சுத்தமான வட்டமாக வெட்டும். கிடைக்கும் இடங்கள் குறைவு என்பதால், தேர்வு என்பதைவிடக் கிடைத்ததை வைத்துப் பழகுவதே நடைமுறை.

பெலட்டின் தலை, பெலட்டின் பாவாடை

பெரும்பாலானோர் தொடங்குவதும், பலர் கடைசிவரை இருப்பதும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனால் நுழைவது எளிது. 2024 பாரிஸில் மனு பாக்கர் தனிநபர் பிரிவில் ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் ஒன்றுமாக இரண்டு வெண்கலம் வென்றதும் இந்தப் போட்டியில்தான்.

போட்டிப் பெலட் தட்டைத் தலையும், ஒடுங்கிய இடையும், விரிந்த பாவாடையும் கொண்டது. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், செக் நாட்டு ஜே.எஸ்.பி., சீனத்துக் கியாங் யுவான் ஆகியவை இங்கே அதிகம் புழங்குகின்றன. இவற்றில் பிஸ்டலுக்கென 7 கிரெய்ன் வாக்கில் இலேசானதும், ரைஃபிளுக்கென 8.2 கிரெய்ன் வாக்கில் கனமானதும் தனித்தனியே வரும். இலேசானது குழலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் என்பது விளம்பர வாதம். ஆனால் பெலட் குழலுக்குள் இருக்கும் நேரமே சில மில்லிநொடிதான். எடையில் ஒரு கிரெய்ன் குறைவதால் மிச்சமாகும் நேரத்தை எந்தக் கையும் உணர முடியாது. ரைஃபிள் பெலட்டையே பிஸ்டலில் போட்டு நன்றாகச் சுடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். டப்பாவின்மேல் பிஸ்டல் என்று எழுதியிருப்பதைவிட, நம் குழலுக்கு அது பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

பொருத்தத்துக்காகத்தான் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டோடு தனித்தனி டப்பாக்கள் வருகின்றன. மூன்றையும் வைஸில் சோதித்துப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் முடிவைப் பார்த்து மிரள வேண்டாம். பத்தாம் வளையம் 11.5 மி.மீ. விட்டம். வளையத்தின் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், பெலட்டின் மையம் 16 மி.மீ. வட்டத்துக்குள் எங்கு விழுந்தாலும் பத்துதான். நல்ல டப்பா எதுவானாலும் அந்த வட்டத்துக்குள் வெகுதாராளமாக அடங்கும்.

எடை பார்த்துப் பிரிக்கும் பழக்கத்துக்கு நம் ஊரில் ஒரு தனி வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகள் நிறைய. வீட்டில் யாராவது அந்தத் தொழிலில் இருந்தால் தராசுக்குப் பஞ்சமில்லை. டப்பாவோடு வந்து நிற்கும் மருமகனிடம் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "வெள்ளிய விட்டுட்டு ஈயத்தப் போய் நிறுக்கிறீங்களே மாப்ள, இது கிலோ என்ன வெல?" வெள்ளிக்கு வைத்திருக்கும் தராசு பத்து மில்லிகிராம் வரைதான் காட்டும், பெலட்டுக்குத் தங்கம் நிறுக்கும் ஒரு மில்லிகிராம் தராசு வேண்டும். அதில் ஒவ்வொன்றாக வைத்து, 530, 533, 528 என்று கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து, ஒரு டப்பாவின் ஐநூறையும் முடிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

பலன் என்ன? ஐந்து மில்லிகிராம் வேறுபாடு என்பது எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அதே காற்றழுத்தம் தள்ளும்போது வேகம் அரை சதவீதம் மாறும். நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் பத்து மீட்டரைக் கடக்கும் பெலட் சுமார் 22 மி.மீ. தாழ்கிறது, அதில் ஒரு சதவீதம் என்பது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு கையில் பிடித்த பிஸ்டலின் முனை அந்த நேரத்தில் எவ்வளவு ஆடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால், இந்த உழைப்பு வீண் என்பது புரியும். அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, பெலட்டுகளைக் கொட்டி, விளக்கு வெளிச்சத்தில் பாவாடையை மட்டும் பாருங்கள். விளிம்பு நசுங்கி முட்டை வடிவானது, பிசிறு ஒட்டியது, தலையில் வெட்டுப்பட்டது ஆகியவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். நசுங்கிய பாவாடை காற்றை ஒரு பக்கமாகக் கசியவிடும். அது மில்லிகிராம் விஷயமல்ல, ஒன்பதாம் வளையத்தில் கொண்டுபோய் விடக்கூடிய குறை. கடையில் வாங்கும்போதே டப்பாவைக் குலுக்கிப் பார்க்கும் அன்பர்கள்தான் இந்தக் குறையை அதிகம் உண்டாக்குகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெயிலும் மூடுபனியும்

சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே இவ்வளவு மாற்றம் இருப்பதால், மலையேறினால் பெலட் வேறிடத்தில் விழுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அங்கே காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் பத்து மீட்டர் தூரத்தில் அந்த மெலிவு பெலட்டின் விழுமிடத்தை ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றாது. விதிவிலக்கு, கார்பன் டை ஆக்சைடு அடைத்த பழைய பிஸ்டல்கள். அந்த வாயுவின் அழுத்தம் 30 டிகிரியில் 72 பார், 10 டிகிரியில் 45 பார். மலைக்காலையில் அவை கீழே சுடுவதற்குக் காரணம் பெலட் அல்ல. இன்றைய அழுத்தக் காற்றுப் பிஸ்டல்களில் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

தட்பவெப்பம் தோட்டாவைத் தொடுவது பறக்கும் வழியில் அல்ல, வைத்திருக்கும் இடத்தில். .22 குண்டின்மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். ஈயம் குழலில் ஒட்டாமல் இருக்க அது தேவை. எலி போன்றவற்றில் அந்தப் பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும். சில அமெரிக்கத் தோட்டாக்களில் உலர்ந்த மெழுகாக இருக்கும். மே மாதத்தில் பூட்டிய கார் டிக்கியில் கிடந்த பெட்டியைத் திறந்தால், பூச்சு இளகி அட்டையில் எண்ணெய்க் கறையாக இறங்கியிருப்பதைக் காணலாம். மிச்சமிருக்கும் பிசுக்கில் தூசி ஒட்டும். தூசி மேகசினுக்குள் போகும். சூடேறிய வெடிமருந்து சற்று வேகமாகவும் எரியும். மலையில் வேறு தொல்லை: மூடுபனி நாட்களில் திறந்து வைத்த பெலட் டப்பாவில் ஈயம் வெளிறி, வெள்ளைப் பொடி படியத் தொடங்கும். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: இறுக்கமான மூடியுள்ள டப்பா, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், வீட்டின் நிழலான அலமாரி. .22 என்றால் அந்த அலமாரிக்குப் பூட்டும் வேண்டும். அந்த வெள்ளைப் பொடி நச்சு. தொட்டபின் கையைக் கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.

பூச்சு வேறுபடுவதால் இன்னொரு விளைவும் உண்டு. ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் சுடும் முதல் சில குண்டுகளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பழைய பூச்சு போய்ப் புதியது குழலில் படிந்த பிறகுதான் குரூப்பிங் நிலைப்படும். ஒரே மாலையில் நான்கு பிராண்டை ஐந்தைந்து குண்டாகச் சுட்டு வெற்றியாளரை அறிவிக்கிற சோதனைகள் இதனால்தான் நம்பத்தக்கவை அல்ல.

வாங்கும்போது

நம் நாட்டில் இத்தனை ஆய்வுக்குப் பிறகும் கடைசியில் முடிவு செய்வது கையிருப்புதான். .22க்கு உரிமம் வேண்டும். உரிமத்தில் எழுதிய அளவுக்குத்தான் தோட்டா வாங்கலாம். நல்ல வகைகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அடுத்த சரக்கு எப்போது வரும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. இந்த நிலையில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கும் உயர்தரத் தோட்டாவைவிட, தொடர்ந்து கிடைக்கும் நடுத்தரத் தோட்டாவே பிஸ்டல்காரருக்கு நல்ல துணை என்பது என் கருத்து. எஸ்.கே. ஸ்டாண்டர்டு பிளஸ், எலி ஸ்போர்ட், சி.சி.ஐ. ஸ்டாண்டர்டு வெலாசிட்டி போன்றவை அந்த நடுத்தர வரிசையைச் சேர்ந்தவை. இவற்றில் உங்கள் பிஸ்டலில் சிக்காமல் ஓடுவது எதுவோ அதுவே உங்களுக்கான தோட்டா. மற்றவர் பிஸ்டலில் ஓடுவது கணக்கில் வராது.

பயிற்சிக்கு மலிவானது, போட்டிக்கு விலையுயர்ந்தது என்று இரண்டு வைத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டின் உதைப்பும் வேறாக இருந்தால், மாதக்கணக்கில் கை பழகிய தாளம் போட்டியன்று பொருந்தாது. பார்வைக் குறியையும் திருத்த வேண்டியிருக்கும். இரண்டு வைத்துக்கொள்வதென்றால் ஒரே நிறுவனத்தின், ஒரே பூச்சுள்ள, ஏறத்தாழ ஒரே வேகமுள்ள இரண்டாக இருக்கட்டும். போட்டிக்குரியதை முந்தைய இரண்டு வாரப் பயிற்சியிலாவது கலந்து சுட்டிருக்க வேண்டும்.

பெட்டியின் பக்கத்தில் அச்சிட்ட லாட் எண்ணை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுப்பு என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அவசியம். ஒரே பெயரில், ஒரே அட்டைப்பெட்டியில் வந்தாலும் ஒரு லாட் ஓடும், இன்னொன்று சிக்கும். நன்றாக ஓடுகிற லாட் கிடைத்தால், உரிமமும் பணமும் இடம் கொடுக்கும் அளவுக்கு அதையே வாங்கி, மாநிலப் போட்டிக்கும் அகில இந்திய மாவ்லங்கர் துப்பாக்கி சுடும் போட்டிக்கும் தேவையானதைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில் பயிற்சி செய்யலாம். ஒதுக்கும்போது மறுவாய்ப்புச் சுற்றுகளுக்கும் முன்சுடுதலுக்கும் சேர்த்து, அறுபது குண்டுப் போட்டிக்கு நூற்றைம்பது என்று வைத்துக்கொள்வது வசதி. வெளியூருக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு, பயணிக்கு ஐந்து கிலோ என்ற தோட்டா வரம்பு பெரும்பாலும் இடைஞ்சலாக இருக்காது; .22 தோட்டா ஐநூறின் எடை இரண்டு கிலோவைத் தொடாது. தோட்டா பிஸ்டலோடு ஒரே பெட்டிக்குள் இல்லாமல் தனிப் பொதியாக, பதிவுச் சாமானில் போக வேண்டும். உரிமத்தின் அசல் கையில் இருக்க வேண்டும். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும்.